உயிருடன் இருக்கிறார், மறுமணம் செய்துகொள்ளவில்லை

தகரப் பெட்டி ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர் மேல் வந்து உட்கார்ந்த வேகத்தில் இருமல் மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வரிசையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்தவர் பதினோரு பேரையும் தாண்டி நேரே முன்னால் வந்திருந்தார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாட்டில் தொழிற்சாலையின் வாசலில் முப்பத்துநாலு வருடம் தலைமைக் காவலராக நின்றவர் அவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் நடையிலிருந்து சீருடை இறங்கவில்லை.

"அண்ணா, வரிசைன்னு ஒண்ணு இருக்கு," என்றாள் கவுன்ட்டருக்கு உள்ளே நின்ற தங்கை.

"மருந்து வாங்கறவங்களுக்குத்தானே வரிசை? நான் பெட்டி குடுக்க வந்திருக்கேன். அதுக்கு எங்க வரிசை, சொல்லு, போய் நிக்கறேன்."

குடும்பத்தில் அவருக்குக் கமாண்டர் என்று பெயர். அவளுக்கு மாத்திரை. முன்னது அவர் தானாகச் சம்பாதித்தது, பின்னது அவருடைய பிள்ளைகள் வைத்தது. பிள்ளைகள் வளர்ந்து திசைக்கு ஒன்றாகப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் முப்பது டாக்டர்கள். அவர்கள் எழுதுவது எழுத்தே இல்லை என்பது பொதுமக்களின் ஒருமித்த கருத்து. மாத்திரை அத்தனையையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். ஒருமுறை எலும்பு டாக்டரே தன் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல நான் என்ன எழுதியிருக்கேன்?" என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

"நீதான் கோழிக் கிறுக்கலையெல்லாம் படிப்பியே," என்றார் கமாண்டர். "சித்தப்பா வீட்டை விக்கறாங்க. பரண்ல இருந்துச்சு. நம்ம சிப்பாயோட பேப்பரெல்லாம் இதுலதான். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. முப்பதாம் தேதிக்குள்ள வேணும்."

வேண்டியதற்குக் காரணம் இருந்தது. பூங்காவில் நகராட்சி ஒரு கல் வைக்கப் போகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆற்றங்கரைப் போரில் இறந்தவர்களின் பெயர்களை அதில் செதுக்குவார்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் வாரிசுகள் ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். கமாண்டர் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பப் படிவம் வாங்கி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிவிட்டார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேரப் போய், தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு அவருடைய பட்டாளமெல்லாம் எள்ளுத்தாத்தாவான அந்தச் சிப்பாய்தான். ஆற்றைக் கடக்கும்போது குண்டடிபட்டு வெள்ளத்தோடு போனவர், உடல் கூடக் கிடைக்காதவர்.

சிப்பாயைவிடப் பெயர் பெற்றவள் அவருடைய மனைவி. குடும்பத்தில் அவளை ஜன்னல்காரி என்பார்கள். இருபத்திரண்டு வயதில் விதவையானவள், கணவன் இறந்த செய்தியை நம்பாமல், மாடி ஜன்னலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, ஆயுசு முழுக்க. வயிற்றில் விட்டுப்போன பிள்ளையை வளர்த்து ஆளாக்கினாள். அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் இவர்கள் எல்லோரும். யாருக்காவது வர நேரமாகி, வீட்டுப் பெண்கள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தால், "ஜன்னல்காரி வம்சமில்லையா, அப்படித்தான்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும்.

மாத்திரைக்கு அந்தக் கதை சிறுவயதிலிருந்தே தொண்டையில் சிக்கிய முள். தன்னைப் பற்றியும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு என்பதால் இருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் என்பது அது. கல்யாண வீடுகளில் புதிதாக வந்த மருமகள்களிடம் அவளைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உண்மையில் அம்மா கடைசிவரை கல்லுக் கணக்காக இருந்தாள். சமையலும் அம்மாதான், சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்ததும் அம்மாதான். இரண்டு முறை மாப்பிள்ளை பார்த்தார்கள். இரண்டு முறையும் அது கூடிவராமல் போனபோது, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைத் திருப்பி, கட்டிலில் கால்நீட்டிப் படுத்த சுகம் இன்னும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்களிடம் வலியப் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது?

பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பதக்கம், ஒரு வாடகைப் பத்திரம், ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ், போர்முனையிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

கடிதங்கள் அவளை முதல் வரியிலேயே சிரிக்க வைத்தன. "இதைப் படித்துச் சொல்கிறவருக்கு முதலில் என் வணக்கம்" என்று தொடங்கியிருந்தார் சிப்பாய். மனைவிக்கு எழுத்துத் தெரியாது, அக்கம்பக்கத்தில் யாரோதான் படித்துச் சொல்ல வேண்டும். தனக்குக் கொடுத்த பூட்ஸ் இரண்டுமே இடது காலுக்கானவை என்று ஒரு பத்தி. கேப்டனின் நின்றுபோன சட்டைப்பைக் கடிகாரத்தை ஊசிமுனையால் சரி செய்து கொடுத்ததற்கு ஒரு கம்பளி கிடைத்தது என்று ஒரு பத்தி. எழுத்து நல்ல எழுத்து. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் வாலை நீட்டி அடுத்த சொல்லைத் தொட்டுப் பார்த்தது. ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் குறுக்குக் கோடாக ஒரு பெல்ட் போட்டிருந்தார். இரண்டாவது கடிதம் 1868 செப்டம்பர் 27 என்று தேதியிட்டது. "ஆற்றைத் தாண்டப் போகிறோம் என்று பேச்சு. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. கூரை ஒழுகினால் மேற்கு மூலையில் பார்." அவ்வளவுதான். அதற்கு ஏழாவது நாள் ஆற்றில் போய்விட்டார்.

பிறகு பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்தாள். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் அவள் கண் முதலில் போவது வயதுக்குத்தான். வயதைப் பார்க்காமல் மருந்தின் அளவை நம்பக்கூடாது என்பது அவள் தொழில் அவளுக்குள் போட்ட பூட்டு. ஜன்னல்காரியின் மகன் 1879-ல் பள்ளியில் சேர்ந்திருந்தான். தகப்பன், போரில் இறந்தவர். சேரும்போது வயது ஆறு.

விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மேஜைக் காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். எப்படிப் போட்டாலும் பிள்ளை பிறந்தது 1873-க்கு முன்பின்னாக வந்தது. சிப்பாய் ஆற்றோடு போய் ஐந்து வருடம் கழித்து.

"அடியம்மா!" என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவள், காய்ச்சல் என்றுகூட விடுப்பு எடுத்ததில்லை. மேலதிகாரி காரணம் கேட்டபோது, "குடும்பத்துல ஒரு மரணம்" என்று எழுதிக் கொடுத்தாள். பொய்யில்லை, நாள்தான் கொஞ்சம் பழசு.

ஆவணக் காப்பகம் மூன்றாவது மாடியில் இருந்தது. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சில் கொடுத்தார்கள். உள்ளே பொறுப்பில் இருந்த அம்மாள் ஸ்வெட்டர் போட்டிருந்தார், வெளியே வெயில் கொளுத்தியது. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகளை அடுக்கி அந்த அறை வெளியுலகத்தை மறந்து குளிர்ந்துபோயிருந்தது. மாத்திரை ஊர், படைப்பிரிவு, ஆண்டு எல்லாவற்றையும் சொன்னதும், காப்பக அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சிப்பாய்ங்களைப் பத்தி வேணும்னா நாலு காகிதம்தான் தேறும்," என்றார். "அவங்க விதவைங்களைப் பத்திக் கேளுங்க, மூட்டை மூட்டையா இருக்கு. உதவித்தொகை வாங்கறவங்க வருஷா வருஷம் ஜனவரியில சர்ட்டிபிகேட் குடுக்கணும். உயிரோட இருக்கேன், இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலைன்னு. ரெண்டு சாட்சி. ஒரு வருஷம் தவறினாலும் நிறுத்திடுவாங்க."

கோப்பு வந்தது. சணல்கயிறு போட்டுக் கட்டிய நாற்பத்துமூன்று தாள்கள். 1869-லிருந்து 1911 வரை. எல்லாம் அச்சடித்த ஒரே படிவம். "மேற்படி பெண் உயிருடன் இருக்கிறார், மறுமணம் செய்துகொள்ளவில்லை." கீழே கணவர் பெயர், கணவர் இறந்த தேதி, பெண்ணின் கையொப்பம், சாட்சிகள். மாத்திரை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முதல் சில வருடங்கள் கையொப்பத்துக்குப் பதில் ஒரு கோணல் கீறல், மற்ற இடங்களை அலுவலக எழுத்தர் நிரப்பியிருக்கிறார். 1871-ல் ஒரு புதுச் சாட்சி. தொழில், கடிகாரம் பழுது பார்ப்பவர். முகவரி, அதே வீடு, பின்னறை, குடியிருப்பவர். அடுத்த வருடமும் அவரே. அதற்கடுத்த வருடமும் அவரே. இன்னொரு சாட்சி மாறிக்கொண்டே இருந்தார், பால்காரர், கணக்குப்பிள்ளை, பள்ளி ஆசிரியர் என்று. கடிகாரக்காரர் மட்டும் மாறவில்லை. 1874-ல் கீறல் போய்க் கையெழுத்து வந்தது. தத்தித் தத்தி நடக்கும் குழந்தை மாதிரி ஒரு கையெழுத்து, வருடத்துக்கு வருடம் தேறி, 1880 வாக்கில் நிமிர்ந்து நடந்தது. மீதியை அவள் திருப்பவில்லை.

மாத்திரைக்கு எல்லாம் புரிந்துபோயிற்று, அல்லது புரிந்தது என்று நினைத்தாள். பின்னறையில் ஒரு கடிகாரக்காரர். எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு பிள்ளையும். கல்யாணம் செய்துகொண்டால் உதவித்தொகை நின்றுவிடும், அதனால் கல்யாணம் செய்துகொள்ளாமல், வருடா வருடம் அவரையே கூட்டிக்கொண்டு போய், "இவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள்! படிக்கட்டு இறங்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஜன்னலில் உட்கார வைத்து அழ வைத்தீர்களே, அவள் என்னடாவென்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு ராஜ்யம் நடத்தியிருக்கிறாள். பேருந்துக்கு நிற்கும்போது பக்கத்தில் நின்ற பெண் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கமாண்டர் தரையில் ஒரு சார்ட் அட்டையை விரித்து வம்சாவளி வரைந்துகொண்டிருந்தார். எல்லாக் கோடுகளுக்கும் மேலே சிப்பாயின் பெயர் சிவப்பு மையில், சுற்றிலும் கட்டம் போட்டு. மாத்திரை வழக்கம்போல முதலில் அவர் கண்ணில் சொட்டுமருந்து விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து இருந்தவரிடம் பள்ளிக்கூடச் சான்றிதழைச் சொன்னாள், கடிகாரக்காரரைச் சொன்னாள். கண்ணைத் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னதில் கொஞ்சம் கோழைத்தனம் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

கமாண்டர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அப்ப நான் யாரு?"

"நீ நீதான்ணா."

"அது இல்ல. நான் யாரோட வம்சம்? கடிகாரம் ரிப்பேர் பண்றவன் வம்சமா?"

சமையலறை வாசலில் நின்ற அண்ணி, "அதான் வீட்ல ஒரு கடிகாரத்தையும் சும்மா விடறதில்லையா இவரு? எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடறாரே," என்றாள். சொன்ன பிறகுதான் நேரம் சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும், உள்ளே போய்விட்டாள்.

கமாண்டர் எழுந்து உட்கார்ந்தார். சொட்டுமருந்து கன்னத்தில் வழிந்து, அழுகிறவர் போலத் தோன்றினார். "உனக்கு எழுத்துப் படிக்கத் தெரியும்னு குடுத்தேன். மனுஷங்களைப் படிக்கச் சொல்லல. ஒரு பொம்பளை, சின்ன வயசு, புருஷன் செத்துட்டான். அவளைப் பத்திப் பேச நமக்கு என்ன யோக்கியதை? பெட்டியை வச்சுட்டுப் போ."

"அவளைக் குறை சொல்லலையே நான். எனக்கு அவளை இப்பதான் பிடிச்சிருக்கு."

"வச்சுட்டுப் போன்னு சொன்னேன்."

அவள் பெட்டியை வைத்துவிட்டு வந்தாள். கடிதங்கள் மட்டும் அவள் கைப்பையில் ஒரு நோட்டுக்குள் இருந்தன. மறந்துபோய்த்தான் எடுத்து வந்தோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், நம்பும்படி இல்லை.

அவளை அரித்தது வேறொன்று. வாடகைப் பத்திரத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். ஜன்னல்காரி 1870-ல் சொந்த ஊரை விட்டு, உறவு ஒருவர்கூட இல்லாத இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். இரண்டு வீடு பார்த்து, வாடகை குறைந்த கீழ்வீட்டை விட்டு, படைமுகாமிலிருந்து வரும் சாலையைப் பார்த்த மாடி வீட்டைப் பிடித்திருக்கிறாள். "முன்பக்க ஜன்னலை வீட்டுக்காரர் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை வேறு. எழுத்தறிவில்லாத இருபத்துநாலு வயதுப் பெண் ஒரு ஜன்னலுக்காக வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். கடிகாரக்காரர் வந்தது அடுத்த வருடம். அவர் வருவதற்கு முன்பே, தெரிந்தவர்கள் இல்லாத ஊரையும், யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிகிற ஜன்னலையும் தேடிக்கொண்டு வந்தவள், எதற்காக வந்தாள்? இதற்கு எந்த விளக்கமும் பொருந்தவில்லை. பொருந்தாத சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

மறுபடி காப்பகத்துக்குப் போனாள். "வாங்க, உங்க விதவைம்மா எடுத்து வச்சிருக்கேன்," என்றார் காப்பக அம்மாள், பல வருடம் பழகியவர் போல. அந்த அறைக்கு இரண்டாம் தரம் வருகிறவர்கள் குறைவு.

இந்த முறை மாத்திரை பெண்ணின் கையெழுத்தை விட்டுவிட்டுச் சாட்சியின் எழுத்தைப் பார்த்தாள். சாட்சிகள் தேதியைத் தாங்களே எழுத வேண்டும். 1871 ஜனவரி 17. இரண்டு ஏழு. இரண்டுக்கும் இடுப்பில் பெல்ட்.

நோட்டைத் திறந்து கடிதத்தை எடுத்து அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தாள். சொல்லின் கடைசி எழுத்து வாலை நீட்டி அடுத்த சொல்லைத் தொட்டது, இங்கேயும், அங்கேயும். பெயர்தான் வேறு. ஆயிரம் டாக்டர் கைகளுக்கு நடுவே ஒரு கையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள், இதைச் சொல்ல ஒரு நிமிடம் தைரியம் வராமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மேடம், கொஞ்சம் இங்க வரீங்களா?" என்று கூப்பிட்டாள்.

காப்பக அம்மாள் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். நிமிர்ந்தபோது ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "செத்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரு," என்றார்.

"எனக்கு நீச்சல் தெரியும்னு யாருக்கும் தெரியாதுன்னு எழுதியிருந்தாரு. நான் அதைச் சும்மா படிச்சிட்டுப் போயிட்டேன்."

"அந்த அம்மா சும்மா கேட்டிருக்க மாட்டாங்க."

பட்டாளத்தை விட்டு ஓடினவனுக்கு அப்போது தூக்குத்தான் என்று காப்பக அம்மாள் சொன்னார். அடைக்கலம் கொடுத்தவர்களுக்குச் சிறை. பெயரை மாற்றிக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போனவர்கள் உண்டு, பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கே திரும்பியவர்களைப் பற்றி எந்தக் காகிதத்திலும் தான் பார்த்ததில்லை என்றார். "பார்க்க முடியாதபடிதானே இருந்திருப்பாங்க," என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

மாத்திரை அந்த வீட்டை நினைத்துப் பார்த்தாள். மாடி, சாலை, முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பெண். பின்னறையில் மேஜை மேல் குனிந்து பற்சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள். சாலையில் குதிரை தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? இருமுவாளா? பாத்திரத்தைத் தட்டுவாளா? சொந்தக் கணவனை ஊரார் முன்னால் "குடியிருக்கிறவர்" என்று சொல்ல எத்தனை நாள் பழகியிருப்பாள்? மகன் அவரை என்னவென்று கூப்பிட்டிருப்பான்? ஜனவரி தோறும் இருவரும் அலுவலகத்துக்குத் தள்ளித் தள்ளி நடந்து போயிருப்பார்கள். தான் இறந்துவிட்ட படிவத்தில், தன் மனைவி மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு மனிதர் முப்பத்திரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

சாட்சி 1902-ஓடு நின்றுபோகிறது. காப்பக அம்மாள் கேட்காமலே போய் நகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து வந்தார். அதில் இருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர், மணமாகாதவர், உறவினர் இல்லை. 1902 டிசம்பர் 9. தகவல் தந்தவர், மேற்படி வீட்டில் வசிக்கும் போர் விதவை.

அப்புறம்தான் மாத்திரை 1903 ஜனவரியின் தாளைத் திருப்பினாள். திருப்பியவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நான் உன்கூடப் பேசறதில்ல," என்றார் கமாண்டர்.

"பேச வேண்டாம். புறப்பட்டு வா. விண்ணப்பத்தையும் எடுத்துட்டு வா, எழுதலாம்."

ஒரு மணி நேரத்தில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை. வாசலில் பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்ததில் அவருக்கு வருத்தம், ஆனாலும் காவலுக்கு நிற்பவரிடம் வாதாடுவதில்லை என்பது அவர் கொள்கை. மாத்திரை அவரை உட்கார வைத்து, கடிதத்தையும் சாட்சித் தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். இந்த முறை கண்ணைத் திறந்திருக்கும்போதே சொன்னாள், ஒன்று விடாமல்.

அவர் கண்ணாடியை ஏழிலிருந்து ஏழுக்கு நகர்த்தினார். மறுபடி திரும்பிப் போனார்.

"அப்ப கடிகாரக்காரன்..."

"நம்ம சிப்பாய்தான்."

அவர் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. ரத்தம் மாறவில்லை, சார்ட் அட்டையில் போட்ட கோடு கோணலாகவில்லை. மறு நிமிடம் அது அணைந்துபோனதையும் மாத்திரை பார்த்தாள்.

"ஓடிட்டாரு," என்றார் மெதுவாக.

"எங்க ஓடினாரு? வீட்டுக்குத்தானே."

"கூட இருந்தவங்கல்லாம் ஆத்துல செத்தாங்க. அவங்க பேரு கல்லுல ஏறுது. இவரு நீந்திக் கரையேறி, முப்பது வருஷம் பெண்டாட்டி முந்தானைக்குப் பின்னால..." தட்டைப் பாதங்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "நான் பத்தொன்பது வயசுல கெஞ்சினேன் தெரியுமா? டாக்டர் காலைப் பிடிக்காத குறை. எங்க பரம்பரையே பட்டாளம் சார்னு சொன்னேன்."

மாத்திரைக்குத் தெரியாது. நாற்பத்தேழு வருடத்தில் அவர் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தாள், அவர்களுக்குள் அப்படிப் பழக்கமில்லை. 1903-ன் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதைப் பாரு. அவர் போனதுக்கு அடுத்த மாசம். அதுவரைக்கும் எல்லா வருஷமும் கிளார்க்தான் எழுதியிருக்காரு. இந்த ஒரு தாள் மட்டும் அவளே எழுதியிருக்கா."

கமாண்டர் குனிந்தார். மங்கிய கண்ணுக்கு முதலில் தெரிந்தது சிவப்புத்தான். "இங்க என்ன, அடிச்சிருக்கே?"

"கணவர் இறந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு இல்லையா? முப்பத்துநாலு வருஷமா அதுல 1868 அக்டோபர் 4-ன்னு இருக்கும். அவ அதை எழுதல. 1902 டிசம்பர் 9-ன்னு எழுதியிருக்கா. கிளார்க் சிவப்பு மையில அதை அடிச்சு, பழைய தேதியை மேல எழுதி, ஓரத்துல குறிப்பு போட்டிருக்காரு. 'முதுமையால் நினைவுத் தடுமாற்றம், திருத்தப்பட்டது.'"

"மாட்டியிருப்பாளே!"

"மாட்டியிருக்கலாம். ஒரு ஆள் கேட்டிருந்தா போதும்."

"யாரும் கேக்கலையா?"

"கேக்கல."

தன் கவுன்ட்டரில் எத்தனை கிழவிகளின் சீட்டில் தேதியை, வயதை, பெயரைக்கூடத் தான் கேட்காமலே திருத்திக் கொடுத்திருக்கிறோம் என்று மாத்திரை நினைத்துக்கொண்டாள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தாள். அந்த எழுத்தரும் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். கிழவிக்கு உதவித்தொகை நின்றுவிடக் கூடாதே என்று திருத்தியிருப்பார்.

காப்பக அம்மாள் வந்து, ஐந்து மணிக்கு மூடிவிடுவோம் என்று சொன்னார். கமாண்டர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. உறையிலிருந்து உருவிய விண்ணப்பம் மேஜை மேல் கிடந்தது. அதில் அவர் பெயரும் விலாசமும் ஏற்கெனவே எழுதியிருந்தன, மற்றதெல்லாம் காலி. பென்சில் அவர் விரலிடுக்கில் இருந்தது.

"அவ என்ன எழுதியிருக்கான்னு எனக்குத் தெரியவே இல்ல," என்றார். "சிவப்புதான் தெரியுது."

மாத்திரை காப்பக அம்மாளைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கையைக் கழுவித் துடைச்சுட்டு வரச் சொல்லுங்க," என்றார்.

கமாண்டர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். சட்டை நுனியில் துடைத்தது போதாதென்று கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மாத்திரை தாளை மெல்லத் தூக்கிக் குப்புறத் திருப்பி வைத்தாள். பின்பக்கம் மை இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுதியவள் பேனாவை அப்படி அழுத்தியிருந்தாள். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். விரல் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றது. பிறகு மெல்ல நகரத் தொடங்கியது, வலமிருந்து இடமாக, இடவலம் மாறிப் புடைத்திருந்த அந்த எண்கள் மேல், ஒவ்வொன்றாக.